மீசை வைத்த துணை நடிகை

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊர்த் தமிழ் நாடகப் போட்டியின் பரிசளிப்பு விழா. “இந்த வருஷத்துச் சிறந்த துணை நடிகை...” என்று மைக்கில் சொல்லி, கொஞ்சம் நிறுத்தி, ஹாலையே காக்க வைத்து, அப்புறம் பெயரைச் சொன்னார்கள். முன் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். கோட்டு, டை, புதிதாக வளர்ந்து வருகிற மீசை. விறுவிறுவென்று மேடை ஏறினார். வெள்ளிக் கோப்பையை வாங்கிக்கொண்டு சபையைப் பார்த்துக் கும்பிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் தட்டவில்லை. நான் மேடையில்தான் உட்கார்ந்திருந்தேன். நடுவர்கள் மூன்று பேரில் நானும் ஒருத்தி. புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன் – விட்டால் அந்தக் கோப்பையைப் பிடுங்கிவிடுவேனோ என்று எனக்கே பயம்.

இந்தப் பக்கத்தில் வழக்கமாகக் காப்பிப் பொடி, ஜட்கா வண்டி, சொல்லாமல் வந்து இறங்கும் விருந்தாளி என்று எதையாவது சிரித்துக்கொண்டே எழுதுகிறவள் நான். இந்த வாரம் சிரிப்பு வரவில்லை. சிரிப்பு வேண்டும் என்கிறவர்களுக்கு அடுத்த பக்கத்தில் துணுக்குகள் இருக்கின்றன. தாராளமாகப் போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஏற்கெனவே வேண்டிய மட்டும் கோபத்தில் இருக்கிறேன்.

மைசூரில் தமிழ் நாடகமா என்று சென்னை வாசகர்கள் கேட்கக்கூடும். ஏன், கூடாதா? நாங்கள் கன்னடத்தில் காய்கறி பேரம் பேசுகிறோம், கன்னடத்தில் ஜட்காக்காரனோடு சண்டை போடுகிறோம், வீட்டுக்கு வந்து மிச்சக் கோபத்தைத் தமிழில் தீர்த்துக்கொள்கிறோம். வருஷத்தில் ஒரு தடவையாவது நாலு பேர் முன்னால் நல்ல தமிழ் பேச வேண்டாமா? அதற்குத்தான் தசரா முடிந்ததும் இந்த நாடகப் போட்டி.

இதில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்கள் நடத்தும் குழுக்களில் பெண்கள் நடிப்பதில்லை. கௌரவமான குடும்பத்துப் பெண் மேடை ஏறி அன்னிய ஆண்பிள்ளை பக்கத்தில் நிற்பதா? அதனால் தாயார், தங்கை, கதாநாயகி எல்லாமே ஆண்கள். மீசையை எடுத்துவிட்டு, கொண்டை வைத்துக்கொண்டு, குரலைக் கிள்ளிப் பேசுவார்கள். சிறந்த நடிகை, சிறந்த துணை நடிகை என்று கோப்பைகளும் அவர்களுக்கே. போன வருஷம் துணை நடிகைக் கோப்பை வாங்கியது பாங்கு கிளார்க் கோபாலன். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வேஷம் பெண் வேஷம், ஆகவே அவர் நடிகை. ரொம்ப சரி.

இந்த வருஷம்தான் முதல் தடவையாக மாதர் சமாஜத்துக்காரர்கள் போட்டிக்கு வந்தார்கள். அவர்கள் வழக்கம் நேர் எதிர். அங்கே ஆண்களுக்கு இடமில்லை, ராஜா, மந்திரி, போலீஸ்காரன் எல்லாமே பெண்கள்தான். பெண்கள் நாடகம் வருகிறதே, ஒரு லேடி ஜட்ஜ் இருந்தால் பார்வைக்கு நன்றாக இருக்குமே என்று கமிட்டிக்குத் தோன்றி என்னைக் கூப்பிட்டார்கள். பார்வைக்கு என்று அவர்கள் சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மற்ற இரண்டு நடுவர்களில் ஒருவர் ரிடையர்டு அமல்தார். ஒரு தாலுகாவையே கட்டி ஆண்டவர். சரிகை போட்ட மைசூர்ப் பேட்டா தலையிலும், வெள்ளிப் பொடி டப்பி கையிலும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. இன்னொருவர் ஒரு வக்கீல். அவரிடம் மணி என்ன என்று கேட்டால்கூட, எந்தக் கடிகாரத்தின்படி என்று திருப்பிக் கேட்பார்.

சமாஜத்து நாடகத்தில் ஒரு கிழவர் வேஷம். தன் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட மகன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று இருக்கிற அப்பா. வருவது இரண்டே காட்சி. ராணி மாதிரிப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு நிற்கிற வேஷத்துக்குப் பெரிய வீட்டு அம்மாள்கள் போட்டி போட்டார்கள். பஞ்சகச்சமும் பழைய கோட்டும் போட்டுக்கொண்டு இருமுகிற வேஷத்துக்கு ஒருத்தரும் வரவில்லை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற நர்ஸ் எஸ்தரைப் பிடித்துப் போட்டார்கள்.

எஸ்தரின் அப்பா ஞானமுத்து, ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். மகள் மேடை ஏறுவது அவருக்குத் துளியும் பிடிக்கவில்லை. நர்ஸ் வேலைக்குப் போனதையே உறவுக்காரர்கள் ஆயிரம் பேசினார்களாம், இப்போது நாடகம் வேறா? கெஞ்சிக் கூத்தாடி அவள் வாங்கியது ஒரு தடவைக்கான அனுமதி. ஊர்ப் பெரியவர்கள் மேடையில் அவளுக்கு மரியாதை பண்ணினால் மேற்கொண்டு நடிக்கலாம். இல்லாவிட்டால் இதுவே முதலும் கடைசியும். ஒத்திகை பார்க்கப் போனபோது எஸ்தரே இதை என்னிடம் சொன்னாள். “மேடையில நின்னாத்தாம்மா எனக்கு மூச்சு விடற மாதிரி இருக்கு” என்றாள். மூச்சு நிற்பதைத் தினமும் பக்கத்திலிருந்து பார்க்கிற பெண் அவள். விளையாட்டுக்காக அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள்.

அவள் நடித்ததை எப்படிச் சொல்ல? கடைசிக் காட்சி. கிழவர் மகன் வீட்டு வாசலுக்கு வருகிறார். உள்ளே காலை வைக்கவில்லை. மருமகள் ஓடி வருகிறாள். குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றுகிறார், கோட்டு நுனியில் துடைக்கிறார், இரண்டு தடவை இருமுகிறார். டம்ளரை அண்ணாந்து குடிக்கிறார். திருப்பிக் கொடுக்கிறார், போய்விடுகிறார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வசனம் இல்லை. வெறும் டம்ளர் அது, எனக்கு நன்றாகத் தெரியும், முன்வரிசையில் இருந்தேன். ஆனாலும் அவள் தொண்டையில் தண்ணீர் இறங்கியதை நான் பார்த்தேன். பின்னால் யாரோ விசும்பினார்கள். திரும்பிப் பார்த்தால், வாசலில் டிக்கெட் கிழித்த ஆள்.

கோபாலன் குழுவும் நன்றாகத்தான் நடித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அவருக்கு இந்த வருஷம் விதவைத் தங்கை வேஷம். மூன்று பாட்டு, ஓயாத அழுகை. கையில் ரிஸ்ட் வாட்ச். அந்தத் துக்கத்திலும் மணி பார்க்க மறக்கவில்லை, பாவம்.

நாடகத்தன்று இடைவேளையில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே நடந்தது உங்களுக்குப் புரியாது. எஸ்தர் வேஷத்தோடு வராந்தா பெஞ்சுக்குக் காற்று வாங்க வந்தாள். அங்கே நம் அமல்தார் உட்கார்ந்திருந்தார். தலைப்பாகையும் நரைத்த மீசையுமாகக் கிழவர் வருவதைப் பார்த்தாரோ இல்லையோ, எழுந்து நின்றார். “வாங்கோ, வாங்கோ” என்று நகர்ந்து இடம் கொடுத்தார். எந்த ஊர் என்று விசாரித்தார். சாமராஜநகர் பக்கம் என்று பதில் வந்தது, அதே கரகரத்த குரலில். அமல்தார் வெள்ளி டப்பியைத் திறந்து நீட்டினார். எஸ்தர் இரண்டு விரலால் பொடியை எடுத்து, தட்டிவிட்டு, நிதானமாக உறிஞ்சினாள். தும்மவில்லை. வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் தும்மல் வந்தது.

உள்ளே வந்த அமல்தார் என்னிடம், கிழவராக நடிக்கிற மனுஷர் பழைய காலத்துத் தங்கம் என்றார். ஆனால் பெண்கள் நாடகம் என்று சொல்லிவிட்டு ஒரு ஆண்பிள்ளையைக் கொண்டுவந்து நடிக்க வைப்பது மோசடி என்றும் சொன்னார். நாடகம் முடிந்ததும் கமிட்டியிடம் புகாரே கொடுத்துவிட்டார். அவர்கள் ஆளை அழைத்து வந்தார்கள். நைட் டியூட்டிக்குப் போகிற அவசரத்தில் வெள்ளை நர்ஸ் உடுப்பில் வந்து நின்றாள் எஸ்தர். மேலுதட்டில் மட்டும் பசை காய்ந்திருந்தது. அவள் கும்பிட்டாள். அமல்தார் அவள் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த டப்பியைப் பார்த்தார், மூடி இடுப்பில் செருகிக்கொண்டார்.

நடிப்புக்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட் உண்டா? நடுவரே ஏமாந்து போகிறார், நடுவரே புகார் கொடுக்கிறார். அங்கேயே கோப்பையை எடுத்துக் கையில் கொடுத்திருக்க வேண்டாமா?

மறு வாரம் வக்கீல் வீட்டில் நாங்கள் மூவரும் கூடினோம். காப்பி வந்தது. மற்றக் கோப்பைகளெல்லாம் காப்பி ஆறுவதற்குள் முடிவாகிவிட்டன. துணை நடிகையில்தான் வண்டி நின்றது. நான் எஸ்தர் பெயரைச் சொன்னேன். வக்கீல் தொண்டையைக் கனைத்தார். துணை நடிகை என்றால் பெண் பாத்திரம் ஏற்றவர் என்றுதான் அர்த்தம், போன வருஷமே அது முடிவாகிவிட்டது, எஸ்தர் ஏற்றது ஆண் பாத்திரம், ஆகவே அவர் நடிகை ஆக மாட்டார் என்றார்.

சரி, வேஷத்தை வைத்துத்தான் தீர்ப்பு என்றால் எனக்கும் சம்மதமே. சிறந்த துணை நடிகர் கோப்பையை எஸ்தருக்குக் கொடுத்துவிடுங்கள் என்றேன்.

“அது எப்படிம்மா? வேஷம் ஆண்தான். ஆனா ஆள் பெண்ணாச்சே” என்றார் வக்கீல்.

அப்படியானால் கோபாலன்?

“ஆள் ஆண்தான். ஆனா வேஷம் பெண்ணாச்சே.”

சிரிக்காமல் சொன்னார். அவருக்கு வேண்டிய இடத்தில் வேஷம் ஜெயிக்கிறது, வேண்டாத இடத்தில் ஆள் ஜெயிக்கிறது. எந்தப் பக்கம் புரட்டினாலும் அந்தப் பெண் மட்டும் வெளியே நிற்கிறாள். நான் விடவில்லை. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். ஆள்தான் முக்கியம் என்றால் போன வருஷக் கோப்பையைக் கோபாலன் வீட்டிலிருந்து திருப்பி வாங்கி வாருங்கள் என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது போலிருக்கிறது, உள்ளேயிருந்து வக்கீல் வீட்டம்மாள் எட்டிப் பார்த்தாள்.

அமல்தார் அதுவரை பேட்டாவைச் சரி செய்துகொண்டிருந்தார். “ஸ்வல்ப யோசனை பண்ணுங்கோம்மா. ஆம்பளைகள் கோப்பையை ஒரு நர்ஸ் பொண்ணு தூக்கிண்டு போனா, பார்க்கறவா நம்மைப் பத்தி என்ன நினைப்பா?” என்றார்.

என் நாக்கு சும்மா இருக்குமா? “நீங்களே எழுந்து நின்னு அவளுக்கு இடம் கொடுத்தீங்களே, ஸார்” என்றேன்.

“அதைப் பத்திப் பேச வேண்டாம்” என்றார் அமல்தார். அவர் காது மடல் சிவந்துவிட்டது. எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. வேஷமும் இல்லை, விதியும் இல்லை. பொடி டப்பியை நீட்டிய கைதான் எஸ்தருக்கு எதிராக உயர்ந்தது. தான் எழுந்து நின்றது ஒரு நர்ஸுக்கு, அதுவும் ஒரு வேதக்கார வாத்தியார் மகளுக்கு என்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. நான் அதைக் கிளறியிருக்கக் கூடாது என்று வீட்டில் சொன்னார்கள். இன்னொரு தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

எஸ்தர் அப்பாவின் நிபந்தனையை மட்டும் நான் அங்கே சொல்லவில்லை. பரிதாபப்பட்டுக் கொடுக்கிற கோப்பை அவளுக்கு எதற்கு? ஓட்டு எடுத்தோம். இரண்டுக்கு ஒன்று. பார்லிமெண்டுக்கு ஆள் அனுப்ப வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொண்டு வந்தவள் நான். அந்த ஓட்டுக்கு இருந்த மதிப்பு வக்கீல் வீட்டுக் கூடத்தில் இல்லை.

நான் நாலு நாள் யோசித்துப் பார்த்தேன். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். ஆண் பெண் வேஷம் போட்டால் அது கலை, எவ்வளவு தத்ரூபம் என்று உருகுவார்கள். பெண் ஆண் வேஷம் போட்டால், நன்றாகப் போடாதவரை தமாஷ். நன்றாகப் போட்டுவிட்டால் அதிகப்பிரசங்கித்தனம். எஸ்தர் கொஞ்சம் மோசமாக நடித்திருக்கலாம். மீசை நடுவில் கழன்று விழுந்திருந்தால் எல்லோரும் சிரித்து, ஏதாவது ஆறுதல் பரிசாவது கொடுத்திருப்பார்கள்.

விழா முடிந்ததும் கோபாலன் கோப்பையும் கையுமாக என்னிடம் வந்தார். அந்தப் பெண் தன்னைவிட நன்றாகப் பண்ணினாள் என்று அவரே சொன்னார். பின்னே ஏன் வாங்கிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். பெரியவர்கள் கூப்பிட்டுக் கொடுக்கும்போது மாட்டேன் என்று சொன்னால் மரியாதையாக இருக்குமா என்றார். எல்லோருக்கும் எவ்வளவு மரியாதை தெரிந்திருக்கிறது, பாருங்கள்.

வெளியே ஜட்கா ஸ்டாண்டில் எஸ்தர் நின்றிருந்தாள். பக்கத்தில் ஒல்லியாக, பழைய கோட்டோடு ஒருவர். ஞானமுத்து வாத்தியார். விழா முழுக்க ஹால் வாசலுக்கு வெளியிலேயே நின்றாராம். நாற்காலி போட்டுக் கூப்பிட்டும் உள்ளே வரவில்லையாம்.

“கோப்பை வேற யாருக்கோ போயிருச்சேம்மா. எம் பொண்ணு சரியா நடிக்கலையா?” என்று கேட்டார்.

ரொம்ப நன்றாக நடித்துவிட்டாள், அதுதான் தப்பு என்று நடந்ததைச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கோட்டு நுனியில் துடைத்தார். இரண்டு தடவை இருமினார். அந்தக் கிழவர். மேடையில் வெறும் டம்ளரில் தண்ணீர் குடித்த அதே கிழவர் என் எதிரில் நின்றிருந்தார். எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டாள்.

“பெரியவங்க மரியாதை பண்ணலைன்னா இதோட நிறுத்திக்கணும்னு பேச்சு” என்றார் அவர், எங்கள் இருவரையும் பார்க்காமல்.

“மரியாதை பண்ணாங்கப்பா. அமல்தார் ஐயா எந்திரிச்சு நின்னு இடம் விட்டாரு. பொடி டப்பியை நீட்டினாரு.”

“அது உனக்குப் பண்ணின மரியாதை இல்லை, பாப்பா.”

“தெரியும்ப்பா. உங்களுக்குப் பண்ணினது. நான் நடிச்சது உங்களைத்தான்.”

வாத்தியார் இந்த ஊரில் எத்தனை வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாரோ, தெரியாது. ஒரு அமல்தார் எழுந்து நின்று அவருக்கு இடம் கொடுத்திருப்பாரா? கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். மகளை முதலில் ஜட்காவில் ஏறச் சொன்னார், பின்னால் அவர் ஏறினார். குதிரை கிளம்பிய பிறகும் நான் அங்கேயே நின்றிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் வருகிற அழுகை அது, அதை ரிஸ்ட் வாட்ச் கட்டிக்கொண்டு அழ முடியாது.

அன்றைக்கே நடுவர் பதவியை ராஜினாமா செய்துவிட்டேன். இனிமேல் லேடி ஜட்ஜ் வேண்டுமென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கமிட்டிக்குச் சொல்லி அனுப்பினேன்.

நேற்று எஸ்தர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தாள். அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லையாம். கூடாது என்றும் சொல்லவில்லையாம். ராத்திரி சாப்பிடும்போது டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, நான் இப்படித்தான் தண்ணி குடிக்கிறேனா என்று மட்டும் கேட்டாராம்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் கமிட்டிக் காரியதரிசி வந்தார். என் ராஜினாமாவை வருத்தத்தோடு ஏற்றுக்கொண்டார்களாம். நான் கவலைப்பட வேண்டாமாம், லேடி ஜட்ஜ் இடத்துக்குப் பொருத்தமான ஆள் கிடைத்துவிட்டாராம். பெண் பாத்திரங்களில் நல்ல அனுபவம், இரண்டு வருஷம் தொடர்ந்து கோப்பை வாங்கியவர் – கோபாலன்.

எஸ்தர், அந்த மீசையைத் தூக்கிப் போட்டுவிடாதே. அடுத்த வருஷம் அதை ஒட்டிக்கொண்டு நேராக நடுவர் பெஞ்சுக்குப் போ. அமல்தார் எழுந்து நின்று இடம் கொடுப்பார்.